அதற்கு நெருங்கிய பொருள்

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே புள்ளியியல் சொல்லித்தருகிற கன்னியாஸ்திரி ஒருத்தர் இருந்தார். சிஸ்டர் எமரன்சியா என்று பெயர். விலைவாசிக் குறியீட்டு எண்ணை அவர் கரும்பலகையில் சொல்லித்தர மாட்டார். மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மாதம் ஒருமுறை மாணவிகள் பை எடுக்காமல் மார்க்கெட்டுக்குப் போவார்கள். நாட்டுத் தக்காளி என்ன விலை, சின்ன வெங்காயம் என்ன விலை, இட்லி அரிசி என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவார்கள்.

"விலை கேக்குற பிள்ளைங்க வந்துருச்சுங்க. வாங்குறவங்க கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க," என்பாள் வெங்காயக் கடைக்காரி.

சிஸ்டரிடம் ஒரு விதி உண்டு. போன மாதம் விலை கேட்ட பொருள் இந்த மாதம் கடையில் இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வரக் கூடாது. அதற்கு நெருங்கிய பொருள் எதுவோ, அதன் விலையை எழுத வேண்டும். எழுதிவிட்டு, இது அதைவிட எவ்வளவு மட்டம் என்று பார்த்து, அந்த அளவுக்குக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

"முதல் பாதியை எல்லாரும் செய்வீங்க. இரண்டாவது பாதியை மறந்துருவீங்க," என்பார்.

அப்படி மார்க்கெட்டுக்குப் போய்வந்தவர்களில் ஒருத்தி சுகிர்தா. கல்லூரி முடித்து, வெளியூரில் முனைவர் பட்டம் வாங்கி, பிரிட்டோவைக் கல்யாணம் செய்து, குழந்தையும் பெற்றுவிட்டாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், இடுப்பில் குழந்தையும் தோளில் லேப்டாப்புமாக சிஸ்டரைத் தேடி வந்தாள்.

சிஸ்டர் மாடியில் இருந்தார், புள்ளியியல் துறையின் அறையில். மேஜை முழுக்க விடைத்தாள்கள்.

"வா. யாரு இது? உன்னை மாதிரியே முறைக்கிறா."

"ஜோவிதா, சிஸ்டர். ஜோவின்னு கூப்பிடுவோம்."

"ஜோவி. கொட்டாவி விடுற மாதிரி இருக்கு பேரு. உக்காரு. மோர் குடிக்கிறியா?"

"வேண்டாம் சிஸ்டர். ஒரு கேள்வி கேக்க வந்தேன்."

"மோர் குடிச்சுட்டும் கேக்கலாம்."

சுகிர்தா குடித்தாள். குழந்தை தரையில் இறங்கியது. நடக்கப் பழகுகிற வயது. மேஜைக் காலைப் பிடித்து எழுந்து நின்றது, உட்கார்ந்தது, தரையில் கிடந்த குண்டூசி போல ஏதோ ஒன்றை எடுக்கப் போனது. சுகிர்தா தம்ளரை வைத்துவிட்டுப் பாய்ந்தாள். குண்டூசி இல்லை. பென்சில் சீவல்.

"எதைக் கண்டாலும் வாய்க்குள்ள சிஸ்டர். ராத்திரி எழுந்து மூச்சு வருதான்னு மூக்குல கை வெச்சுப் பாக்குறேன்."

"இப்ப வருதா?"

"வருது."

"சரி. கேள்வியைக் கேளு."

"மூணு ஊர்ல வேலை கிடைச்சிருக்கு சிஸ்டர். எந்த ஊர்ல நான் நல்லா இருப்பேன்?"

"மூணு ஊர்லயா! கணக்கு படிச்சவளுக்கு இப்ப இவ்வளவு கிராக்கியா?"

"திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

ஒன்று இதே திண்டுக்கல். கௌரவ விரிவுரையாளர் வேலை. கௌரவம் நிறைய, சம்பளம் குறைவு. இரண்டாவது பெங்களூரு. ஒரு கம்பெனியில், எந்த வாடிக்கையாளர் எப்போது விட்டுப் போவார் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. சம்பளம் அதிகம். மூன்றாவது நெதர்லாந்தில், குரோனிங்கன் என்ற ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆராய்ச்சிப் பணி.

மூன்றாவது ஊரின் பெயரைச் சொன்னபோது சுகிர்தாவின் குரல் மாறியது. சிஸ்டர் அதைக் கவனித்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"என் ஆய்வேட்டுல கடைசி அத்தியாயம் ஒண்ணு முடியாமலே நின்னு போச்சு இல்லையா சிஸ்டர்? அந்தக் கேள்வியைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கிற நாலஞ்சு பேர் அங்க இருக்காங்க. வாராவாரம் கருத்தரங்கு. வீடியோவுல நானும் சேர்ந்துக்குவேன். கேமராவை அணைச்சுட்டு, இவளுக்குப் பால் குடுத்துக்கிட்டே கேப்பேன். போன மாசம் அவங்கள்ல ஒருத்தர் என் கட்டுரையைக் காட்டிப் பேசினார். இவ வாயில மார்பு. எனக்குக் கையை உயர்த்தக்கூட முடியல."

சிஸ்டர் விடைத்தாள்களை மேஜையில் ஓரமாக ஒதுக்கினார்.

"ஆனா ஆசையை வெச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு கணக்கு போட்டேன்," என்று சுகிர்தா லேப்டாப்பைத் திறந்தாள்.

ஊருக்கு ஒரு பத்தி. மேலே சம்பளம், அதிலிருந்து வரி. கீழே வாடகை, அரிசி, பால், காய்கறி, மின்சாரம், போக்குவரத்து, மருத்துவம். கடைசியில் மாதாமாதம் மிஞ்சுவது.

"ஐரோப்பாக் காசை ரூபாயாலே பெருக்கி வெச்சிருக்கியோ?"

"அது முதல் வருஷப் பிள்ளை பண்ற தப்பு சிஸ்டர். இங்க அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம், அங்க என்ன வாங்கலாம்னு பாத்துத்தான் ஒப்பிட்டேன்."

"தேறிட்டே. எது முதல்ல வந்துச்சு?"

"குரோனிங்கன். அடுத்தது பெங்களூரு. திண்டுக்கல் கடைசி. ரெண்டு வருஷம் மிச்சம் பிடிச்சா வீட்டுக்கு முன்பணம் கட்டிரலாம்."

"பிரிட்டோ கூட வருவாரா?"

"அவரால முடியாது. மாமாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. ஒரே பிள்ளை. அவர் சம்பளம் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் சரியாயிரும்."

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தார். விடைத்தாள் திருத்துவது போலவே படித்தார்.

"முருங்கைக்காய்?"

"அங்க கிடைக்கிறது கஷ்டம். பீன்ஸ் விலையைப் போட்டிருக்கேன்."

"பீன்ஸைச் சப்பித் துப்புவியா? சரி, ஆட்டோ?"

"சைக்கிள்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"கத்துக்குவேன்."

"மல்லிப்பூ எங்க? பரீட்சைக்குக்கூட பூ வெச்சுக்கிட்டு வருவியே."

"அந்த வரிசையை எடுத்துட்டேன். அங்க யாரு பாக்கப் போறா?"

"இங்க பாக்குறதுக்காகவா வெச்சே?"

சுகிர்தா சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் விரல் ஒரு வரிசையில் நின்றிருந்தது.

"குழந்தைன்னு போட்டிருக்கு."

"ஆமா சிஸ்டர்."

"திண்டுக்கல்லுக்கு என்ன செலவு காட்டியிருக்கே?"

"பால் பவுடர், டயப்பர், தடுப்பூசி."

"பெங்களூருக்கு?"

"குழந்தைகள் காப்பகம். காலையில அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் கிளம்பணும்."

"குரோனிங்கனுக்கு இது ரொம்பக் கம்மியா இருக்கே. அங்க குழந்தை வளர்க்க இவ்வளவுதான் ஆகுமா?"

"இல்ல. அங்க காப்பகத்துக்கு ரொம்ப ஆகும். அதான் அவ இங்கயே இருப்பா. என் அம்மாகிட்ட."

"அப்ப இது என்ன தொகை?"

சுகிர்தா குழந்தையைப் பார்த்தாள். குழந்தை ஒரு விடைத்தாளின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இன்டர்நெட்."

"என்னது?"

"இன்டர்நெட் கட்டணம் சிஸ்டர். தினமும் வீடியோவுல பேசிக்கலாம். பொருள் கிடைக்காத ஊர்ல அதுக்கு நெருங்கிய பொருளோட விலையை..." அவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "நீங்க சொல்லிக்குடுத்ததுதான்," என்றாள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் பாதியைச் செஞ்சுட்டே. இரண்டாவது பாதி?"

"எப்படிச் செய்யறதுன்னு தெரியல."

"தெரியாம கூட்டிட்டியா?"

"கூட்டிட்டேன்."

"சரி. இப்ப செஞ்சு பாப்போம்."

சிஸ்டர் குனிந்து குழந்தையைத் தூக்கினார். குழந்தை அவருடைய சிலுவைச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. விடைத்தாளைவிட அது அதற்குப் பிடித்திருந்தது.

"நான் கீழே போறேன். கீழே திண்டுக்கல். நீ இங்கயே இரு. இது குரோனிங்கன். குளிரும், ஃபேனைக் கூட்டி வெச்சுக்கோ."

"சிஸ்டர், அவ புதுசா யார்கிட்டயும் போக மாட்டா."

"போய்ட்டாளே."

போயிருந்தாள். படிகளில் சிஸ்டரின் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சுகிர்தாவின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. எடுத்தாள்.

திரை முழுக்கக் குழந்தையின் முகம். பின்னால் கல்லூரித் தோட்டம். போனைச் சிஸ்டர் பிடித்திருந்தார்.

"அம்மா பாரு, அம்மா. எங்க அம்மா?"

குழந்தை பார்த்தது. சிரித்தது. இரண்டு பற்களும் தெரிந்தன. சுகிர்தாவுக்கும் சிரிப்பு வந்தது. ஜோவிக்குட்டி என்று கூப்பிட்டாள். குழந்தை நெற்றியைக் கொண்டுவந்து திரையில் முட்டியது. வீட்டில் தினமும் ஆடுகிற ஆட்டம் அது. அவள் நெற்றி, இவள் நெற்றி. சுகிர்தாவும் தன்னையறியாமல் முட்டினாள். கண்ணாடி சில்லென்று இருந்தது.

நெற்றி விலகியபோது குழந்தை சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பியது. பின்பக்கம் யாருமில்லை. மறுபடி திருப்பியது. அம்மா இருந்தாள். மறுபடி பின்பக்கம் பார்த்தது.

"ஜோவி, இங்க பாரு தங்கம். அம்மா இங்க இருக்கேன்."

குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

அப்போது படம் சுழன்றது. வானம். ஒரு மரக்கிளை. அப்புறம் வானம் மட்டும். படம் அசையவில்லை. குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் மட்டும் வந்தது.

"சிஸ்டர்?"

அழுகை.

"சிஸ்டர்! விழுந்துட்டாளா? எதையாவது முழுங்கிட்டாளா? சிஸ்டர்!"

அழுகை சட்டென்று நின்றது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வராண்டாவில் ஓடினாள். படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. ஒரு செருப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

கீழே, கடைசிப் படிக்கு எதிரே, சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். தோளில் குழந்தை. போன் புல் மேல் கிடந்தது.

"அதுக்குள்ள பிளைட் கிடைச்சிருச்சா?" என்றார் சிஸ்டர்.

சுகிர்தா குழந்தையைப் பிடுங்கினாள். தலை, கை, கால், வாய்க்குள் விரல் விட்டு நாக்குக்கு அடியில்கூடப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு அவளுக்கு?"

"கட்டெறும்பு. கால்ல. தட்டி விட்டாச்சு. போனைக் கீழே வெச்சுட்டுத்தானே தட்டணும்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்!"

"பிள்ளை அழும்போது போன்ல யாரு பேசுவா? உங்க அம்மா பேசுவாங்களா?"

சுகிர்தா படியில் உட்கார்ந்தாள். குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டாள். குழந்தைக்கு எறும்பு மறந்துபோயிருந்தது. அம்மாவின் நெற்றியில் நெற்றியால் முட்டியது.

பிறகு சுகிர்தாவுக்குக் கோபம் வந்தது.

"இது நியாயம் இல்ல சிஸ்டர். போகாதேன்னு நேராவே சொல்லியிருக்கலாம்."

"போகாதேன்னு நான் எங்க சொன்னேன்?"

"அப்ப இது என்ன?"

"தரத்தைச் சரிசெய்யத் தெரியலேன்னு சொன்னே. சொல்லிக்குடுத்தேன்."

சிஸ்டரும் படியில் வந்து உட்கார்ந்தார். அங்கியை ஒதுக்கிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்குறேன். அந்தக் குரோனிங்கன்காரங்களை நீ இப்பவே வாராவாரம் பாக்குறே. கேக்குறே. வாடகை கிடையாது, குளிர் கிடையாது. அது போதாதா?"

"போதாது."

சுகிர்தா அதை யோசிக்காமல் சொன்னாள்.

"ஏன்?"

"அவங்கள்ல ஒருத்தர் பேசிக்கிட்டே எழுந்து பலகைக்குப் போவார். கேமரா அவர்கூடப் போகாது. என்ன எழுதினார்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒருத்தர் ஏதோ சொல்வார், எல்லாரும் சிரிப்பாங்க. எனக்குக் கேக்காது. முடிஞ்சதும் காபி குடிக்கப் போவாங்க. கதவு வரைக்கும் பேசிக்கிட்டே போவாங்க. அப்பதான் ஏதோ முக்கியமானதைச் சொல்றாங்கன்னு தோணும். யாராவது வந்து கேமராவை அணைச்சுருவாங்க."

சொல்லி முடித்தபோது அவள் குரல் தேய்ந்திருந்தது. அப்புறமும் அவள் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கதவு தோட்டத்தில் எங்கோ இருப்பது போல.

சிஸ்டர் குழந்தையைப் பார்த்தார்.

சுகிர்தாவும் குழந்தையைப் பார்த்தாள்.

குழந்தை சிஸ்டரிடம் கை நீட்டியது. அந்தச் சங்கிலி அதற்கு வேண்டியிருந்தது. சிஸ்டர் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"உன் அட்டவணையில நாலு பத்தி இருந்திருக்கணும். மூணுதான் இருந்துச்சு," என்றார்.

"நாலாவதும் போட்டேன் சிஸ்டர். இவளையும் கூட்டிக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு."

"எங்க அது?"

"மைனஸ்ல வந்துச்சு. எடுத்துட்டேன்."

"எவ்வளவு மைனஸ்?"

"கொஞ்சம்தான். ஆனா மாசாமாசம். காப்பகம் பாதிச் சம்பளத்தைத் தின்னுருது. நான் கொண்டுபோற சேமிப்பைப் போட்டு ஈடுகட்டலாம். ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வரும்போது கையில ஒண்ணும் இருக்காது. வீடும் இருக்காது. மைனஸ்ல வர்றதை யாராவது அட்டவணையில வெச்சுக்குவாங்களா?"

சிஸ்டர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னையும் ஒரு பத்தியாப் போடு," என்றார்.

"உங்களையா?"

"நானும் கணக்குப் படிச்சுச் சம்பளம் வாங்குறவதானே? போடு. மனசுக்குள்ளயே போடு, லேப்டாப் வேண்டாம். அரசாங்கம் குடுக்குற சம்பளம். உனக்குத் தெரியும் எவ்வளவுன்னு."

"தெரியும்."

"வாடகை?"

"கிடையாது. கான்வென்ட்ல இருக்கீங்க."

"சாப்பாடு?"

"சபை பாத்துக்குது."

"துணி?"

சுகிர்தா சாம்பல் நிற அங்கியைப் பார்த்தாள். கழுத்தோரம் தைத்துப் போட்டிருந்தது. "ஒண்ணுமில்லைன்னே போட்டுக்கலாம்."

"பூ?"

"கிடையாது."

"பிள்ளை?"

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரிசையை விட்டுறாதே. எழுது."

"கிடையாது."

"வீட்டுக்கு அனுப்புறது?"

"அம்மா அப்பா போயிட்டாங்கன்னு சொன்னீங்க."

"அப்ப கூட்டு."

"ஆனா சிஸ்டர், உங்க சம்பளம் முழுக்க சபைக்குல்ல போகுது?"

"மிஞ்சினதுக்கு அப்புறம் அது எங்க போகுதுன்னு உன் அட்டவணை கேக்கலையே. மிஞ்சினது எவ்வளவு?"

"எல்லாமே."

"உன் மூணு ஊரோட என்னையும் சேர்த்து வரிசைப்படுத்து. எனக்கு எந்த இடம்?"

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அதன் வாயிலிருந்து எச்சில் இறங்கிச் சிஸ்டரின் தோளை நனைத்திருந்தது. சிஸ்டர் துடைத்துக்கொள்ளவில்லை.

"முதல் இடம் சிஸ்டர்."

சிஸ்டர் தலையை ஆட்டினார்.

"எனக்குக் குறை ஒண்ணும் கிடையாதும்மா. நானே கேட்டு வாங்கிக்கிட்ட வாழ்க்கை. நீ போட்ட கணக்கைத்தான் சொல்றேன்."

வெயில் தணிந்திருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் வாலிபால் விளையாடுகிற சத்தம் கேட்டது. சுகிர்தா எழுந்தாள். புல்லில் கிடந்த போனை எடுத்துச் சிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். படியில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மாடிக்குப் போனாள். விழுந்த நாற்காலியை நிமிர்த்தினாள். லேப்டாப்பை மூடி உறையில் போட்டாள். தன் போனை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, தோட்டத்துச் சுவரோரம் நின்று பிரிட்டோவைக் கூப்பிட்டாள்.

சிஸ்டர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். சுகிர்தா பேசுவது அவருக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் பிரிட்டோவின் குரல் கரகரப்பாக, ஆனால் தெளிவாக வெளியே வந்தது.

"சொல்லு சுகி. சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும்."

அந்தப் பக்கம் டயாலிசிஸ் அறையின் பீப் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது.

"கூட்டிட்டுப் போறியா?"

"ம்."

"தனியாவா? அவளையும் வெச்சுக்கிட்டு, அந்தக் குளிர்ல? காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடுவே?"

"தெரியல."

"காசு?"

"பத்தாது."

"வீடு?"

"இப்ப வராது, பிரிட்டோ."

மறுபடி அந்தப் பீப் சத்தம்.

"இன்னொரு வழியும் இருக்கு. எங்கயும் போகாம இங்கயே இருக்கலாம். அந்தக் கௌரவ வேலை," என்றாள் சுகிர்தா.

"அதைச் சொல்லும்போதே உன் குரல் செத்துப் போகுது. ரெண்டு வருஷமா அந்த ஊரு கூட்டத்தைக் கதவைச் சாத்திக்கிட்டுக் கேக்குறே. எனக்குத் தெரியாதா?"

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு?" என்றான் பிரிட்டோ. அவன் சிரிக்க முயன்றது தெரிந்தது. "எனக்குத்தான் வீடியோவா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதே. அப்பா பாக்குறாரு, எனக்கு இங்க அழ முடியாது."

"ம்."

"பாஸ்போர்ட் போட்டோவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு விட்டுறாதே. பின்னாடி வெள்ளையா இருக்கும், முகம் தெரியாது. அந்தச் சிவப்புக் கவுன் இருக்கே, அதைப் போட்டுவிடு. நாளைக்குக் காலையில போட்டோ எடுத்துரலாம்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"பூசைக்கு அப்புறம் எடுப்போம். நம்ம சேசு ஸ்டுடியோவைத் திறந்து குடுப்பான். எத்தனை மணிக்கு வர்றே?"

"இப்ப கிளம்பிருவேன்."

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு திரும்பிப் படிக்கு வந்தாள்.

சிஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தை தோளிலிருந்து நழுவி, இப்போது அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை சிஸ்டரின் விரலைப் பிடித்திருந்தது. வாலிபால் விளையாடிய பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சிஸ்டரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்தவளின் கையைக் கிள்ளினாள். இருவரும் சத்தமில்லாமல் நடந்து போனார்கள்.

"திங்கட்கிழமை பதில் அனுப்பிருவேன் சிஸ்டர்."

"அனுப்பு."

"நடுவுல ஊருக்கு எப்ப வர முடியும்னு தெரியாது. வந்தா முதல்ல இங்கதான் வருவோம்."

"வா."

சுகிர்தா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுங்க சிஸ்டர். நேரமாச்சு."

"இரும்மா," என்றார் சிஸ்டர். "இப்பதானே தூங்கினா."